பெட்டியில் அச்சிட்ட 150-ம், லாரி டயர் கேட்கும் லிட்டரும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில், லாரி வைத்திருப்போர் வாங்கத்தக்க கையடக்க ஏர் பம்புகளையும் பட்டறைக் கருவிகளையும் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இப்படியொரு பொருளுக்கு அரைப்பக்கம் ஒதுக்கியதே பெரிய காரியம் என்பதால் முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். ஆனால் அக்கட்டுரையில் பம்புகளை வரிசைப்படுத்தியிருந்த விதம் எனக்கு உறுத்தலாக இருந்தது. ஒவ்வொரு பம்பும் அதிகபட்சம் எத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை காற்றடிக்கும் என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு, 150 என்று பெட்டியில் அச்சிட்டிருப்பவை எல்லாம் லாரிக்கும் ஏற்றவை என்று எழுதப்பட்டிருந்தது. அந்த எண்ணை நம்பி வாங்கி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். என்னிடம் இரண்டு லாரிகள் உள்ளன. ஒன்றை நானே ஓட்டுகிறேன். சில்லறை வேலைகளைச் சொந்தக் கொட்டகையில் நானே பார்த்துக்கொள்கிறேன். பொறியியல் படித்தவனல்லன், டயரும் நட்டும் கற்றுக்கொடுத்ததைத்தான் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு, பேட்டரியில் இயங்கும் ஒரு கைப் பம்பை வாங்கினேன். பெட்டியின் முகப்பில் 150 பிஎஸ்ஐ என்றும், பக்கவாட்டில் சின்ன எழுத்தில் நிமிடத்துக்கு 35 லிட்டர் என்றும் இருந்தது. ஒருநாள் இரவு முழுதும் வண்டியை நிறுத்திவிட்டு விடியற்காலையில் காற்றழுத்தம் காட்டும் கேஜ் வைத்துப் பார்த்தபோது, 110 இருக்க வேண்டிய பின்பக்க வெளி டயரில் 92 தான் இருந்தது. பம்பின் எண்களை மனத்தில் வைத்து, நாலைந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்று நினைத்து வால்வில் மாட்டினேன். ஒன்பது நிமிடம் ஓடிய பிறகு திரையில் 97 என்று காட்டியது. அதற்குள் வால்வில் திருகியிருந்த பித்தளை முனையைத் தொட முடியாத அளவுக்குச் சூடேறி, பம்ப் தானாகவே நின்றுவிட்டது. அரை மணி நேரம் ஆறவிட்டு மறுபடியும் ஓட்டியதில் 101 வரை வந்து, பேட்டரி தீர்ந்துபோனது. டயர் மட்டும் பஞ்சர் ஆகாமல் இருந்தது என் அதிர்ஷ்டம்; வால்வுக்குள் காற்றைத் தடுத்து நிறுத்தும் ‘பின்’ என்ற சிறு ஊசிதான் கசிந்துகொண்டிருந்தது. அந்தப் பம்ப் இப்போது என் மகனின் மோட்டார் சைக்கிளுக்கு மிக ஒழுங்காகக் காற்று பிடிக்கிறது. ஆகவே அது மோசமான பம்ப் என்று நான் சொல்ல மாட்டேன். அது லாரிக்கான பம்ப் அல்ல என்பதைப் பெட்டி எனக்குச் சொல்லவில்லை என்பதே என் குறை.

பிறகு ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10.00-20 அல்லது 295/80 ஆர் 22.5 அளவுள்ள லாரி டயரின் உட்புறக் கொள்ளளவு ஏறத்தாழ 120 முதல் 140 லிட்டர் வரை வரும். கார் டயருக்கு அது 30 லிட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஒரு பார் அழுத்தம் என்பது 14.5 பிஎஸ்ஐ. அதாவது டயரில் 14.5 பிஎஸ்ஐ கூட்ட வேண்டுமானால், அந்த டயரின் கொள்ளளவு எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு வெளிக்காற்றை உள்ளே திணிக்க வேண்டும். 130 லிட்டர் கொள்ளளவுள்ள டயரை 80-லிருந்து 110-க்கு ஏற்ற வேண்டுமென்றால் 260 லிட்டருக்கு மேல் காற்று தேவை. கார் டயரை 25-லிருந்து 33-க்கு ஏற்ற 17 லிட்டர் போதும். ஒரு லாரி டயருக்குச் செய்யும் வேலை, பதினைந்து கார் டயர்களுக்குச் செய்யும் வேலைக்குச் சமம். அதுவும் மூன்று மடங்கு எதிரழுத்தத்தை எதிர்த்துச் செய்ய வேண்டிய வேலை. பாலாடையால் தண்ணீர்த் தொட்டியை நிரப்புவதைப்போல என்று சொன்னால் மிகையாகாது.

இங்கேதான் பெட்டியிலிருக்கும் இரண்டு எண்களும் சேர்ந்து கண்ணைக் கட்டுகின்றன. 35 லிட்டர் என்பது, குழாய் முனையை எதிலும் மாட்டாமல் திறந்தவெளியில் ஓடவிட்டு அளந்தது. 150 பிஎஸ்ஐ என்பது, காற்று வெளியேற வழியில்லாமல் அடைத்து வைத்தால் பம்ப் எட்டக்கூடிய உச்சம். அந்த உச்சத்தில் அது தரும் காற்று அநேகமாகச் சைபர். இரண்டு எண்களும் தனித்தனியே உண்மையாகவே இருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் ஒருபோதும் உண்மையாக இருக்க முடியாது. எதிரழுத்தம் ஏற ஏற, பிஸ்டனுக்கும் தலைப்பகுதிக்கும் இடையில் மிஞ்சும் சிறு இடைவெளியிலேயே காற்று அமுங்கி விரிந்துகொண்டிருக்கும். டயருக்குப் போவது குறைந்துகொண்டே வரும். என் பம்ப் 95 பிஎஸ்ஐ அளவில் நிமிடத்துக்கு ஐந்து லிட்டருக்குமேல் தரவில்லை என்பதை மேலே சொன்ன ஒன்பது நிமிடக் கணக்கை வைத்து யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். லாரிக்காரர் கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை பிஎஸ்ஐ வரை போகும்’ என்பதன்று. ‘100 பிஎஸ்ஐ இருக்கும் டயருக்குள் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும்’ என்பதுதான். நல்ல தயாரிப்பாளர்கள் இதற்கு ஓர் அட்டவணையே தருகிறார்கள். தராதவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் பதிலே வராது. அந்த மௌனத்தையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

சைக்கிளில் தொடங்கிப் பதினெட்டுச் சக்கர வண்டி வரை வால்வின் வாய் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதும் இந்த ஏமாற்றத்துக்கு ஒரு காரணம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த ஷ்ரேடர் வால்வின் அதே மரைதான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இது பெரிய வசதி. ஸ்கூட்டர் கேஜை எடுத்து லாரியில் மாட்டலாம். ஆனால் மாட்ட முடிகிறது என்பதாலேயே அது அதற்கானது என்று கை நம்பிவிடுகிறது. டீசல் டாங்க்கில் பெட்ரோல் நாசில் நுழைந்துவிடுவதைப்போன்ற ஆபத்து இது.

அடுத்து, பம்ப் எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடலாம் என்பது. இதை ‘டியூட்டி சைக்கிள்’ என்கிறார்கள். 100 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 30 சதவீதம் என்று எழுதியிருந்தால், பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் ஓட்டிவிட்டு ஏழு நிமிடம் ஆறவிட வேண்டும் என்று பொருள். 33 சதவீதமும் 100 சதவீதமும் ஒரே அளவு பெட்டியில் வருகின்றன. உள்ளே மோட்டாரும் உருளையும் வேறு. காற்றை அமுக்கினால் சூடேறும். உருளையின் தலைப்பகுதி கொதிநீரைவிட அதிகச் சூட்டுக்குச் சாதாரணமாகவே போகும். பிளாஸ்டிக் பல்சக்கரமும் ரப்பர் வளையமும் வைத்த மலிவான பம்புகள், லாரி டயரில் இரண்டு முறை முழு நேரம் ஓடினால் அதற்குப் பிறகு கார் டயருக்குக்கூட உதவாமல் போகலாம். பத்துச் சக்கர வண்டிக்காரர் பத்து டயருக்கும் ஒவ்வொன்றாக இப்படி ஆறவிட்டு ஆறவிட்டு அடிப்பதென்றால் பகல் பொழுது போதாது.

மின்சார விஷயத்திலும் கட்டுரை ஒரு வரி சேர்த்திருக்கலாம். கனரக லாரிகளில் பெரும்பாலானவை இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்து 24 வோல்ட்டில் ஓடுகின்றன. கடையில் கிடைக்கும் பம்புகளோ பெரும்பாலும் 12 வோல்ட். அப்படியே மாட்டினால் மோட்டார் எரியும். இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை உருவி ஓட்டும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அப்படி ஓட்டும் பம்ப் பிழைத்துக்கொள்ளும், ஆனால் அந்த ஒரு பேட்டரி மட்டும் இறங்கி, மற்றது மிகையாகச் சார்ஜ் ஏறி, ஒரு ஜோடியே சில மாதங்களில் போய்விடும். மேலும், சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் சாதாரணமாக 10 முதல் 15 ஆம்பியர்தான். லாரிக்கு உருப்படியாக உதவக்கூடிய பம்ப் எதுவும் அந்தக் கணக்குக்குள் அடங்காது. பேட்டரி முனையில் நேரடியாகக் கவ்வும் தடித்த கம்பியும், அந்தக் கம்பியிலேயே ஃபியூஸும் வைத்து வருவதைத்தான் பார்த்து வாங்க வேண்டும். பம்ப் ஓடும்போது முடிந்தவரை இன்ஜினையும் ஓடவிட வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏர் பிரேக் உள்ள லாரி வைத்திருப்பவர் ஒவ்வொருவரிடமும் ஒரு நல்ல கம்ப்ரசர் ஏற்கெனவே இருக்கிறது. இன்ஜினோடு சேர்ந்து அது ஓடிக்கொண்டே இருக்கிறது. பிரேக்குக்குக் காற்று சேர்க்கும் அந்தக் கம்ப்ரசர், நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான லிட்டரைத் தரக்கூடியது. பல வண்டிகளில், டாங்க் நிறைந்ததும் கம்ப்ரசரின் காற்றைத் திருப்பிவிடும் அன்லோடர் வால்விலோ, காற்றின் ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையரிலோ டயருக்குக் காற்று பிடிப்பதற்கென்றே ஒரு முனையைத் தயாரிப்பாளரே வைத்திருப்பார். அதன்மேல் ஒரு ரப்பர் மூடியும், மூடியின்மேல் சில ஆண்டுகளின் கிரீஸும் படிந்திருக்கும். அதற்கேற்ற இணைப்பும் பத்துப் பதினைந்து மீட்டர் ஹோஸும் இருந்தால், வழியில் ஏற்படும் குறையை நிறைக்க வேறு பம்ப் வேண்டாம். அந்தப் பம்பை வாங்கியபோது என் லாரியிலும் அந்த முனை இருந்தது. அடுத்த சர்வீஸின்போதுதான் கண்ணில் பட்டது.

அதைப் பயன்படுத்துவதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. டாங்க் நிறைந்து கம்ப்ரசர் காற்று ஏற்றுவதை நிறுத்திவிட்ட நிலையில் பல வண்டிகளில் அந்த முனையில் காற்று வராது. பிரேக் பெடலைச் சில முறை மிதித்து டாங்க் அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கினால்தான் கம்ப்ரசர் மறுபடியும் ஏற்றத் தொடங்கும். கம்ப்ரசர் 8 பாரில் ஏற்றுவதை நிறுத்திக்கொள்ளும் வண்டியென்றால் டயருக்கு 116 பிஎஸ்ஐக்கு மேல் கிடைக்காது. 120 கேட்கும் டயருக்கு அது போதாது. டாங்க்கிலிருந்து நேரடியாக எடுக்கும் ஏற்பாடாக இருந்தால் பிரேக் காற்று குறைந்துகொண்டே வரும் என்பதையும் மறக்கக்கூடாது. முதலில் சக்கரங்களுக்கு அடைக்கட்டை வைத்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும்; கிளம்புவதற்கு முன் டாங்க் முழுதாக நிறைந்து, எச்சரிக்கை விளக்கு அணைந்திருப்பதைப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான். ஒரு ஹோஸ், ஓர் இணைப்பு, ஒரு நாசில். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லாததுதான் என்னைப் பேனாவை எடுக்க வைத்தது.

கைப் பம்புகளே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயில் பிரேக் உள்ள சிறிய சரக்கு வண்டிகளில் மேற்சொன்ன வசதி இல்லை. அவற்றின் டயர்கள் சிறியவை, அழுத்தமும் 50 முதல் 80 பிஎஸ்ஐக்குள் அடங்கும். அவர்களுக்கு, பேட்டரியில் நேரடியாக மாட்டும் இரட்டை உருளைப் பம்ப் ஒன்று நிச்சயம் பயன்படும். பெரிய லாரிக்காரருக்கும், வண்டி நின்றிருக்கும் இடத்தில் இன்ஜினை ஓடவிட முடியாத நிலையில், நாலைந்து பிஎஸ்ஐ குறைவை நிறைக்க அது உதவலாம். ஆனால் அதை வாங்கும்போது ஹோஸின் நீளத்தைப் பாருங்கள். பம்போடு வரும் அரை மீட்டர் ஹோஸ், காற்று பிடிப்பவரை டயரின் பக்கவாட்டுக்கு நேர் எதிரே குந்த வைக்கிறது. அங்கேதான் யாரும் குந்தக்கூடாது.

ஏன் என்றால், நம் பக்கத்தில் பலரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து அதில் இருக்கிறது. 100 பிஎஸ்ஐ காற்று உள்ள ஒரு லாரி டயர் வெடித்தால் வெளிப்படும் ஆற்றல், பத்து டன் எடையை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமானது. காற்று குறைந்த நிலையில் பாரத்தோடு ஓடிய ரேடியல் டயரின் பக்கவாட்டில் உள்ள எஃகுக் கம்பிகள் ஒவ்வொன்றாக முறிந்திருக்கும்; வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மறுபடியும் காற்று ஏற்றும்போது, துணிப்பையின் ஜிப்பைப் பிரித்ததுபோல் பக்கவாடு ஒரே வரிசையில் கிழியும்; அதனால்தான் அதற்கு ஜிப்பர் வெடிப்பு என்று பெயர். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகளில் 1910.177 என்ற எண்ணுள்ள விதி, பரிந்துரைத்த அழுத்தத்தில் 80 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ உள்ள நிலையில் ஓடிய டயரை, அச்சிலிருந்து கழற்றுவதற்கு முன்பே வால்வு பின்னைப் பிடுங்கி முழுக்கக் காற்றை இறக்கிவிட வேண்டும் என்கிறது. 80-க்கு மேல் இருந்தால்தான் வண்டியில் இருக்கும்போதே காற்று பிடிக்கலாம். அப்போதும் தள்ளி நின்று பிடிக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும், டயருக்கு நேரே ஆள் நிற்கக்கூடாது. 110 கேட்கும் டயருக்கு 80 சதவீதம் என்பது 88. அதாவது, 60-க்கு இறங்கிய நிலையில் ஓடிவந்த டயரைச் சாலையோரத்திலேயே 110-க்கு ஏற்றிக் காட்டும் பம்ப் விளம்பரம், செய்யக்கூடாத ஒன்றைச் செய்யச் சொல்லிக்கொடுக்கிறது.

எனவே என் கருத்தில், பம்ப் வாங்குவதற்கு முன் வாங்க வேண்டியது, வால்வைத் தானே கவ்விக்கொள்ளும் கிளிப் வைத்த நாசிலும், குறைந்தது மூன்று மீட்டர் ஹோஸும், அந்த ஹோஸின் கைப்பக்க முனையில் கேஜும் திறந்து மூடும் வால்வும் சேர்ந்த ஒரு தொகுதி. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டிய நாசில், ஆளை டயரோடு கட்டிப்போடுகிறது. டயர் கழற்றி மாட்டும் வேலையையும் தாமே செய்பவர்கள், குறிப்பாக டயரை ரிம்மில் பிடித்து நிறுத்தும் தனி இரும்பு வளையமான லாக் ரிங் வைத்த ரிம் உள்ளவர்கள், காற்று ஏற்றுவதற்கு இரும்புக் கூண்டு இல்லாமல் அந்த வேலையில் இறங்கவே கூடாது. நான் அந்த வேலையைக் கூண்டு வைத்திருக்கும் டயர்க் கடைக்கே விட்டுவிடுகிறேன்.

கேஜைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் பட்டறைக் கருவிகளில் மிகவும் அலட்சியப்படுத்தப்படுவது அதுதான். நம்மில் பெரும்பாலானோர் டயரைக் கம்பியாலோ வீல் ஸ்பேனராலோ தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்துக் காற்று இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு வண்டி ஏறுகிறோம். முழுக்கக் காற்று போன டயரை அப்படிக் கண்டுபிடிக்கலாம். 75-க்கும் 105-க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்க எந்தக் காதாலும் முடியாது. ஜோடி டயர்களில் இது இன்னும் மோசம். உள்ளே இருப்பதில் காற்று குறைந்தால், வெளியே இருப்பது அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கும். இரண்டும் ஒட்டி நிற்பதால் பார்வைக்கு எதுவும் தெரியாது. உள் டயரின் வால்வை எட்ட இருபக்க வாயுள்ள நீண்ட கழுத்து கேஜ் தேவை. கட்டுரையில் படம் போட்டிருந்த கேஜ்கள் எல்லாம் கட்டைக் கழுத்து. அவற்றை வைத்துக்கொண்டு உள் டயரை அளப்பது, தோளில் உள்ள கொசுவைக் கட்டை விரலால் அடிப்பதைப்போல. கழுத்து எட்டாததாலேயே உள் டயரை மாதக்கணக்கில் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

முள் வைத்த கேஜ் வாங்குபவர்கள், தாங்கள் வழக்கமாக அளக்கும் அழுத்தம் அதன் வட்டத்தின் நடுப்பகுதியில் விழுமாறு பார்த்து வாங்குவது நல்லது. துல்லியம் 2 சதவீதம் என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் அது முழு வட்டத்துக்கான சதவீதம். 300 வரை காட்டும் கேஜில் அது எங்கே அளந்தாலும் 6 பிஎஸ்ஐ வரை தவறு, 160 வரை காட்டுவதில் 3-ஐ ஒட்டிய தவறு. கீழே விழுந்த கேஜை நம்பவே கூடாது. நான் ஒரு நல்ல கேஜைத் துணியில் சுற்றி வீட்டில் வைத்திருக்கிறேன். வண்டியில் கிடக்கும் கேஜை மாதம் ஒருமுறை அதனோடு ஒரே டயரில் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அளப்பது எப்போதும் டயர் ஆறியிருக்கும்போது, அதாவது வண்டி நின்று மூன்று மணி நேரமாவது ஆன பிறகு. பாரத்தோடு ஓடிவந்த டயரில் 10 முதல் 15 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைக் கண்டு பயந்து காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலை அந்த டயர் குறைகாற்றோடு கிளம்பும்.

இனி சக்கர நட்டுகள். கட்டுரையில் கருவிப் பட்டியலின் முதலிடத்தில், நட்டை வேகமாக அடித்துச் சுழற்றும் இம்பாக்ட் கன் இருந்தது. முறுக்கை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் ஆறாவதோ ஏழாவதோ. என்னைக் கேட்டால் வரிசை தலைகீழ். கனரக லாரிகளில் பரவலாக உள்ள 22 மில்லிமீட்டர் ஸ்டட்டுகளுக்கு (நட்டு ஏறும் மரைக் கம்பிகளுக்கு), பல தயாரிப்பாளர்கள் ஏறத்தாழ 600 முதல் 700 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கச் சொல்கிறார்கள். சரியான எண்ணை அவரவர் வண்டிக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். 640 நியூட்டன் மீட்டர் என்றால் எவ்வளவு என்று யாராவது கேட்டால், ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியின் நுனியில் 65 கிலோ எடையுள்ள ஆள் தொங்குவது என்று சொல்லலாம். ஆனால் நடப்பது என்ன? ஸ்பேனரில் இரண்டு மீட்டர் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று குதிக்கிறார்கள். இல்லையென்றால் ‘1,500’ என்று பெட்டியில் போட்ட இம்பாக்ட் கன்னை வைத்து, சத்தம் மாறும்வரை அழுத்துகிறார்கள். அந்த 1,500, இறுகிப்போன நட்டைக் கழற்றும்போது எட்டக்கூடிய உச்சம்; முறுக்கும்போது அது எவ்வளவு கொடுத்தது என்று கன்னுக்கும் தெரியாது, பிடித்திருப்பவருக்கும் தெரியாது. இங்கும் பம்பின் கதைதான்: பெட்டி உச்சத்தைச் சொல்கிறது, வேலைக்கு வேண்டியதைச் சொல்வதில்லை. அளவுக்கு மீறி முறுக்கிய ஸ்டட் இழுபட்டு மெலிந்து, ஒருநாள் சாலையில் முறியும். பக்கத்து நட்டுகள் அந்தப் பாரத்தைத் தாங்காமல் அடுத்தடுத்துப் போகும்.

இம்பாக்ட் கன் கழற்றுவதற்கும், நட்டைக் கொண்டுபோய் உட்கார வைப்பதற்கும் மட்டும் இருக்கட்டும். கடைசி முறுக்கு டார்க் ரெஞ்ச்சால்தான். அது முக்கால் அங்குலச் சதுர முனையும் ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் கொண்ட கனமான கருவி. அதைக் கழற்றுவதற்குப் பயன்படுத்தக்கூடாது, வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைத் தளர்த்தி அதன் குறைந்த அளவில் வைக்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்கக் கொடுக்க வேண்டும். சக்கரம் மாட்டி 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடியும் அதே ரெஞ்ச்சால் பார்க்க வேண்டும். ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் இடையில் உள்ள பெயின்ட்டும் துருவும் அமுங்கியதால் முறுக்கு குறைந்திருக்கும். பழைய வண்டிகள் சிலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடமரை, அதாவது எதிர்த்திசையில் முறுக்க வேண்டிய மரை, இருக்கும் என்பதை, புதிதாக இந்த வேலையில் இறங்குபவருக்கு யாராவது சொல்லிவிட வேண்டும். சாக்கெட் வாங்கும்போதும், இம்பாக்ட் கன்னுக்குக் கறுப்பு நிறத்தில் தடித்த சுவருள்ளதைத்தான் வாங்க வேண்டும். பளபளக்கும் குரோம் சாக்கெட் கைக்கு மட்டுமே. கன்னில் மாட்டினால் அது சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.

ஜாக்கியைப் பற்றிக் கட்டுரை நன்றாகவே எழுதியிருந்தது. ஒன்றே ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. வண்டிக்குக் கீழே போவதற்கு முன் ஆக்சில் ஸ்டாண்ட் கொடுத்தாக வேண்டும். அந்த ஸ்டாண்டை வாங்கும்போது, பெட்டியில் உள்ள டன் கணக்கு ஒவ்வொன்றுக்குமா, ஜோடிக்கா என்று கேட்டு வாங்குங்கள். ஜோடிக்குச் சேர்த்துப் போடும் வழக்கம் உண்டு. 12 டன் என்று நினைத்து ஒன்றை மட்டும் கொடுத்தால், வண்டி உண்மையில் 6 டன் ஸ்டாண்டில் நிற்கும். கொட்டகையில் கம்ப்ரசர் வைத்திருப்போர் டாங்க்கின் அடியிலுள்ள குழாயைத் திறந்து தினமும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். உள்ளே துருப்பிடித்த டாங்க்கை வெளிப் பெயின்ட் காட்டிக்கொடுக்காது.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. அடுத்த முறை இப்படியொரு அட்டவணை போடும்போது, ‘அதிகபட்ச பிஎஸ்ஐ’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 100 பிஎஸ்ஐயில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், அதே அழுத்தத்தில் எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓடும், எத்தனை வோல்ட், ஹோஸ் எத்தனை மீட்டர் என்ற விவரங்களைப் போடுங்கள். தயாரிப்பாளர் தராத விவரத்துக்கு நேரே ‘தரவில்லை’ என்றே அச்சிடுங்கள். அல்லது பத்துப் பம்புகளையும் எடுத்துக்கொண்டு ஒரு லாரி டயர் அருகே வந்து, 92-லிருந்து 110 வரை ஏற்றிப் பார்த்து, கடிகாரத்தில் ஓடிய நேரத்தை எழுதுங்கள். டயர் வேண்டுமென்றால் என் வண்டியிலேயே இருக்கிறது. நல்ல கேஜும் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
ஒரு லாரி உரிமையாளர்